எட்வின் ஜாக்சன்: 14 அணிகளுக்குப் பந்தெறிந்தவரை எப்படி மதிப்பிடுவது?

கேள்வியின் சாரம் இது. அமெரிக்க பேஸ்பாலில் எட்வின் ஜாக்சன் என்ற பிட்சர், அதாவது பந்தெறிபவர், 14 அணிகளுக்கு ஆடியிருக்கிறார். ஐபிஎல் போட்டிகளில் ஆரோன் ஃபின்ச் 9 அணிகளுக்கு ஆடியதையே நாம் வியப்புடன் பேசுகிறோம். இத்தனை அணிகள் ஒருவரை விட்டுவிட்டன என்றால் அவரிடம் பெரிய குறை இருந்திருக்க வேண்டும் அல்லவா? அவருடைய சம்மதம் இல்லாமலே அவரை இப்படி மாற்றிக்கொண்டே இருக்க முடியுமா? இதனால் அவருக்கு ஏதாவது லாபம் உண்டா?

குறை இருந்தது உண்மைதான். ஆனால் அந்தக் குறை மட்டுமே அவரை ஊர் ஊராக அனுப்பியது என்று எடுத்துக்கொண்டால் கணக்கு தவறிவிடும். வேண்டாத வீரர் ஒருவர் இரண்டு மூன்று அணிகளோடு காணாமல் போய்விடுவார். 14 அணிகளின் சட்டையை ஒருவர் அணிந்தார் என்றால், ஓர் அணி விட்ட ஒவ்வொரு முறையும் இன்னோர் அணி அவரைக் கேட்டு வாங்கியது என்று பொருள். அவர் ஆடிய 17 ஆண்டுகளை அந்தக் கோணத்திலிருந்து பார்த்தால்தான் இந்த வாழ்க்கை புரியும்.

ஜாக்சன் 1983 செப்டம்பர் 9 அன்று மேற்கு ஜெர்மனியின் நொய் உல்ம் நகரில் பிறந்தார். தந்தை அமெரிக்க இராணுவத்தில் பணியாற்றியவர். ஜார்ஜியா மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் பள்ளிப் படிப்பை முடித்த அவரை, 2001ஆம் ஆண்டின் வீரர் தேர்வில் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணி ஆறாவது சுற்றில் எடுத்தது. இரண்டே ஆண்டுகளில், சரியாக அவருடைய இருபதாவது பிறந்தநாளன்று, அமெரிக்க பேஸ்பாலின் மேல்நிலைப் போட்டியான முதன்மை லீகில் முதல் ஆட்டம் ஆடினார். எதிரே அரிசோனா அணிக்காகப் பந்தெறிந்தவர் ராண்டி ஜான்சன். அந்தத் தலைமுறையின் மிகப் பெரிய பிட்சர்களில் ஒருவர், மறுநாள் நாற்பது வயதை எட்டவிருந்தவர். இளைஞர் வென்றார். அந்த இரவைப் பார்த்தவர்கள் அடுத்த பத்து ஆண்டுகளுக்கு டாட்ஜர்ஸ் அணியின் முதல் பிட்சர் இவர்தான் என்று நம்பியதில் வியப்பில்லை. மணிக்கு 95 மைல் அளவில், அதாவது 150 கிலோமீட்டரைத் தாண்டிய வேகத்தில், பெரிய முயற்சி தெரியாமல் பந்தெறியும் தோள் அவருக்கு இருந்தது.

இல்லாதது கட்டுப்பாடு. பேஸ்பாலில் பேட்டர் அடிக்கத்தக்க பகுதியான ஸ்ட்ரைக் எல்லைக்கு வெளியே நான்கு பந்துகளை எறிந்துவிட்டால் பேட்டர் மட்டையை அசைக்காமலே முதல் பேஸுக்கு நடந்துபோகலாம். இதை வாக் என்பார்கள். ஜாக்சன் வாழ்நாள் முழுவதும் இந்த வாக்குகளைத் தாராளமாகக் கொடுத்தவர். அடுத்த இரண்டு ஆண்டுகளில் டாட்ஜர்ஸ் அணியில் கிடைத்த வாய்ப்புகளில் அவர் தடுமாறினார். 2006 ஜனவரியில் அவரையும் இன்னோர் இளம் பிட்சரையும் தம்பா பே அணிக்குக் கொடுத்துவிட்டு, அனுபவமுள்ள இரு ரிலீவர்களை, அதாவது ஆட்டத்தின் நடுவில் வந்து எறியும் பிட்சர்களை, டாட்ஜர்ஸ் வாங்கிக்கொண்டது. முதல் இடமாற்றம் அதுதான்.

தம்பா பே அன்று லீகின் கடைசி வரிசை அணி. 2007இல் அங்கே ஜாக்சனின் கணக்கு 5 வெற்றி, 15 தோல்வி. ஒன்பது இன்னிங்ஸுக்கு, அதாவது ஒரு முழு ஆட்டத்துக்கு, 5.76 ஓட்டங்கள் கொடுத்த சராசரி. இது குறைவாக இருந்தால்தான் நல்லது. வேறு அணியாக இருந்தால் மே மாதமே அவரைக் கீழ்நிலை லீகுக்கு அனுப்பியிருக்கும். அந்த அணிக்கு இழக்க ஒன்றும் இல்லாததால், ஐந்து நாளைக்கு ஒருமுறை பந்தை அவர் கையில் கொடுத்துக்கொண்டே இருந்தது. அடுத்த ஆண்டு அவர் 14 ஆட்டங்களை வென்றார். அணியும் முதன்மை லீகின் இரு பிரிவுகளில் ஒன்றான அமெரிக்கன் லீகின் பட்டத்தை வென்று, இறுதிப் போட்டியான உலகத் தொடர் வரை சென்று ஃபிலடெல்ஃபியாவிடம் தோற்றது. அந்த டிசம்பரிலேயே மேட் ஜாய்ஸ் என்ற இளம் வீரருக்கு ஈடாக ஜாக்சன் டெட்ராய்ட் அணிக்கு மாற்றப்பட்டார். நன்றாக ஆடியதற்குப் பரிசு இடமாற்றமா என்று தோன்றும். உங்கள் இரண்டாவது கேள்விக்கான விடை இங்கேதான் இருக்கிறது.

முதன்மை லீகில் ஒரு வீரர் ஆறு ஆண்டுகள் பணிக்காலம் நிறைவு செய்யும் வரை, தான் ஆடும் அணியைத் தானே தேர்ந்தெடுக்க முடியாது. முதல் மூன்று ஆண்டுகள் அளவில் குறைந்தபட்சச் சம்பளத்தை ஒட்டிய தொகைதான். அதன்பின் சம்பள நடுவர் முறை வழியாக ஆண்டுக்கு ஆண்டு தொகை ஏறும். ஆறு ஆண்டுகள் முடிந்ததும் அவர் ஃப்ரீ ஏஜென்ட். அதாவது எந்த அணியுடனும் பேரம் பேசலாம். இந்தக் காலம் முழுவதும் அவருடைய ஒப்பந்தத்தை ஓர் அணி இன்னோர் அணிக்கு மாற்றிக் கொடுக்கலாம். பெரும்பாலானோரிடம் சம்மதம் கேட்கத் தேவையில்லை. லீகில் பத்து ஆண்டுகளும் அதில் கடைசி ஐந்து ஆண்டுகள் ஒரே அணியிலும் இருந்தவருக்கு மட்டும் மறுக்கும் உரிமை தானாகக் கிடைக்கும். எங்கேயும் ஐந்து ஆண்டுகள் நிலைக்காத ஜாக்சனுக்கு அந்த உரிமை கடைசிவரை கிட்டவேயில்லை. அடிக்கடி மாற்றப்படுபவருக்கு, மாற்றத்தை மறுக்கும் தகுதி வராமலே போய்விடுகிறது. இந்த விதி நியாயமானது என்று எனக்கு ஒருபோதும் தோன்றியதில்லை.

ஒரு நல்ல பிட்சர் நடுவர் முறைக்குள் நுழையும்போது செலவு கூடத் தொடங்குகிறது. ஃப்ரீ ஏஜென்ட் ஆகும் நாள் நெருங்கும்போது, எதுவும் பெறாமல் அவரை இழந்துவிடுவோமோ என்ற அச்சம் அணிக்கு வருகிறது. எனவே மதிப்பு உச்சத்தில் இருக்கும்போதே அவரைக் கொடுத்து, இன்னும் பல ஆண்டுகள் மலிவாகக் கைவசம் இருக்கக்கூடிய இளைஞர்களை வாங்கிக்கொள்வது சிக்கனமான அணிகளின் வழக்கம். ஜாக்சனின் 2008, 2009, 2010, 2011 இடமாற்றங்கள் நான்கையும் இந்தக் கடிகாரத்தோடு வைத்துப் பார்த்தால் எதுவும் புதிராக இராது.

2009இல் டெட்ராய்ட் அணிக்காக அவர் ஆடியதுதான் அவருடைய மிகச் சிறந்த பருவம் என்பது என் கருத்து. 214 இன்னிங்ஸ், 13 வெற்றி, 3.62 என்ற சராசரி, பருவத்தின் சிறந்த வீரர்கள் ஆடும் நட்சத்திர ஆட்டத்துக்கான தேர்வு. அந்த டிசம்பரிலேயே மூன்று அணிகள் சேர்ந்து செய்த பெரிய பரிமாற்றத்தில் அவர் அரிசோனாவுக்குப் போனார். கர்டிஸ் கிராண்டர்சன் நியூயார்க் யாங்கீஸ் அணிக்குச் சென்றார். டெட்ராய்ட் அணிக்குக் கிடைத்தவர்களில் ஒருவர் மேக்ஸ் ஷெர்சர் என்ற இளம் பிட்சர். ஷெர்சர் 2013இல் லீகின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை டெட்ராய்ட் சட்டையிலேயே பெற்றார். ஜாக்சனைக் கொடுத்தவர்கள் பலமுறை நல்ல விலை பெற்றிருக்கிறார்கள் என்பதையும் அவர் மதிப்பின் ஒரு சான்றாகவே நான் எண்ணுகிறேன்; மதிப்பில்லாத பண்டத்துக்கு யாரும் ஷெர்சரை ஈடாகத் தரமாட்டார்கள்.

2010 ஜூன் 25 இரவைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த ஓர் ஆட்டத்திலேயே ஜாக்சன் முழுதாக இருக்கிறார். அரிசோனா அணி தம்பா பேயின் டிராபிகானா அரங்கத்துக்கு வந்திருந்தது. ஜாக்சன் மூன்று ஆண்டுகள் தன் சொந்த மைதானமாக ஆடிய இடம். எதிரில் அவருடைய பழைய அணி. முதல் மூன்று இன்னிங்ஸில் ஏழு பேரை அவர் வாக்கில் நடக்கவிட்டார். மூன்றாவது இன்னிங்ஸில் ஒருவரும் அவுட் ஆகாத நிலையில் மூன்று பேஸ்களும் நிரம்பிவிட்டன. இரண்டாவது இன்னிங்ஸில் ஆடம் லாரோஷ் அடித்த ஹோம் ரன் ஒன்றுதான் அரிசோனாவின் கையிருப்பு. இந்த இடத்தில் பெரும்பாலான மேலாளர்கள் ரிலீவரைத் தயார்செய்யச் சொல்லித் தொலைபேசியை எடுத்துவிடுவார்கள். ஜாக்சன் ஓர் ஓட்டமும் கொடுக்காமல் அந்த இன்னிங்ஸை முடித்தார். அதன்பின் அவருடைய ஸ்லைடர் என்ற வளைந்து விலகும் பந்து சொன்ன இடத்தில் விழத் தொடங்கியது. ஐந்து, ஆறு, ஏழு என்று இன்னிங்ஸ்கள் போய்க்கொண்டேயிருக்க, தம்பா பே அணிக்கு ஒரு ஹிட்கூட, அதாவது பந்தை அடித்துப் பேஸை எட்டியது ஒருமுறைகூட, இல்லை. பந்துகளின் எண்ணிக்கையோ நூறைக் கடந்து ஏறிக்கொண்டிருந்தது.

இன்றைய வழக்கப்படி ஒரு ஸ்டார்ட்டர், அதாவது ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர், நூறு பந்துகளை நெருங்கும்போதே மேலாளர் எழுந்து நின்றுவிடுவார். தோளுக்கும் முழங்கைக்கும் அதற்கு மேல் ஆபத்து என்பது பொதுக் கருத்து. அன்று மேலாளராக இருந்த ஏ.ஜே. ஹிஞ்ச் எதிர்கொண்டது கடினமான முடிவு. ஜாக்சன் மைதானத்தை விட்டு வர மறுத்தார். 149 பந்துகள் எறிந்து, 8 வாக் கொடுத்து, ஒரு ஹிட்டும் தராமல், 1-0 என்று ஆட்டத்தை முடித்தார். ஒரு ஹிட்டும் தராத இத்தகைய ஆட்டத்தை நோ-ஹிட்டர் என்பார்கள். ஒரு பிட்சரின் வாழ்வில் அது ஒருமுறை வருவதே அரிது. மாபெரும் பிட்சர்கள் பலர் அதைக் காணாமலே ஓய்வுபெற்றிருக்கிறார்கள். இவ்வளவு அலங்கோலமான நோ-ஹிட்டர் வேறெதுவும் எனக்கு நினைவில் இல்லை, இவ்வளவு பிடிவாதமானதும் இல்லை. ஐந்து வாரம் கழித்து, ஜூலை 30 அன்று, அரிசோனா அவரை சிகாகோ வைட் சாக்ஸ் அணிக்கு மாற்றிவிட்டது. அவருக்கு ஈடாக வந்த இருவரில் ஒருவரான டேனியல் ஹட்சன், 2019இல் வாஷிங்டன் அணிக்காக உலகத் தொடரின் கடைசிப் பந்தை எறிந்தவர்.

அடுத்த ஆண்டு ஜூலை 27 அன்று நடந்தது இன்னும் விந்தையானது. வைட் சாக்ஸ் அவரை டொராண்டோவுக்கு அனுப்பியது. அதே நாளில் டொராண்டோ அவரை செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணிக்கு அனுப்பியது. டொராண்டோவுக்கு வேண்டியிருந்தவர் கார்டினல்ஸ் அணியின் இளம் ஆட்டக்காரர் கோல்பி ராஸ்மஸ். கார்டினல்ஸ் அணிக்கு வேண்டியிருந்தவர் ஒரு ஸ்டார்ட்டர். தன்னிடம் இல்லாத பிட்சரை முதலில் வாங்கி, உடனே கைமாற்றி, வேண்டியவரை டொராண்டோ பெற்றுக்கொண்டது. ஜாக்சனோடு அதே பரிமாற்றத்தில் செயின்ட் லூயிஸுக்குப் போன இன்னொருவர் ஆக்டேவியோ டோட்டல். 13 அணிகளுக்கு ஆடியவர் என்ற சாதனையைப் பின்னர் அடைந்த ரிலீவர் அவர்தான். அந்தச் சாதனையை முறியடிக்கப்போகிறவரும் அதே நாளில் அதே ஒப்பந்தத்தில் பயணம் செய்தார் என்பதை அன்று யார் அறிந்திருப்பார்?

அக்டோபரில் ஃபிலடெல்ஃபியாவுக்கு எதிரான தொடரில் ஒரு தோல்வி வந்தால் வெளியேற்றம் என்றிருந்த நான்காவது ஆட்டத்தில் ஜாக்சன் ஆறு இன்னிங்ஸ் எறிந்து அணியைக் காப்பாற்றினார். டெக்சஸுக்கு எதிரான உலகத் தொடரின் நான்காவது ஆட்டத்திலோ ஏழு பேரை வாக்கில் நடக்கவிட்டுத் தோற்றார். தொடரை ஏழாவது ஆட்டத்தில் கார்டினல்ஸ் வென்றது. வென்ற அணியினருக்குத் தரப்படும் உலகத் தொடர் மோதிரம் ஜாக்சனுக்கும் கிடைத்தது.

அந்த நவம்பரில் அவர் ஃப்ரீ ஏஜென்ட் ஆனார். வாஷிங்டன் அணி 2012க்கு மட்டும் 1.1 கோடி டாலர் கொடுத்தது. அந்த அக்டோபரில், வாஷிங்டன் நகரில் 1933க்குப் பிறகு நடந்த முதல் பிளேஆஃப் ஆட்டத்தில், அதாவது பருவ முடிவில் பட்டத்துக்காக நடக்கும் சுற்றில், அவர் பந்தெறிந்தது முந்தைய ஆண்டு தனக்கு மோதிரம் வாங்கித்தந்த கார்டினல்ஸ் அணிக்கு எதிராகவே. 8-0 என்று தோற்றார். பிறகு சிகாகோ கப்ஸ் நான்கு ஆண்டுகளுக்கு 5.2 கோடி டாலர் என்று ஒப்பந்தம் செய்தது.

ஏன் இவ்வளவு பணம்? ஓர் அணி ஒரு பருவத்தில் 162 ஆட்டங்கள் ஆட வேண்டும். ஆட்டத்துக்கு ஒன்பது என்று வைத்தால் ஏறக்குறைய 1,450 இன்னிங்ஸ். அத்தனையையும் யாராவது எறிந்தாக வேண்டும். முழங்கைத் தசைநார் கிழிந்து அறுவைச் சிகிச்சைக்குப் போகும் பிட்சர் ஓராண்டுக்கு மேல் திரும்பமாட்டார். ஒவ்வோர் அணியிலும் அப்படிச் சிலர் எப்போதும் இருப்பார்கள். ஜாக்சன் 2007 முதல் 2013 வரை ஏழு ஆண்டுகளும் ஆண்டுக்குக் குறைந்தது 31 ஆட்டங்களில் முதல் பந்தை எறிந்தவர். ஐந்து பேர் முறை வைத்து எறியும் வரிசையில் இது அநேகமாகத் தன் முறையைத் தவறவிடாதவரின் கணக்கு. ஒரு மிகச் சிறந்த பிட்சர் அரைப் பருவம் ஆடிவிட்டு மருத்துவமனைக்குப் போவதைவிட, சுமாரான ஒருவர் 190 இன்னிங்ஸ் நின்று எறிவது ஓர் அணியின் முழுப் பருவத்தையும் நிமிர்த்திவைக்கும். அவர் எறியாத இன்னிங்ஸை இருபது வயதுப் பையன்களும் களைத்துப்போன ரிலீவர்களும்தான் எறிய வேண்டியிருக்கும். ரசிகர்கள் இதைப் பொதுவாகக் கவனிப்பதில்லை. அணிகளை நடத்துபவர்கள் கவனிக்கிறார்கள், அதற்குப் பணமும் கொடுக்கிறார்கள்.

கப்ஸ் கொடுத்த பணம் வீணாயிற்று என்றுதான் சொல்ல வேண்டும். 2013இல் 8 வெற்றி, 18 தோல்வி. 2014இல் சராசரி 6.33. பலவீனமான அணி என்பது ஒரு பகுதிக் காரணம், ஆனால் 6.33க்கு அணியைக் குறைசொல்ல முடியாது. 2015 ஜூலையில் ஒப்பந்தம் இன்னும் ஓராண்டுக்கு மேல் மீதமிருக்க அவரை விடுவித்தார்கள். இங்கே வேறொரு விதி வேலை செய்கிறது. விடுவிக்கப்பட்டாலும் ஒப்பந்தத் தொகை வீரருக்கு வந்தே தீரும். அவரை அடுத்து எடுத்துக்கொள்ளும் அணி குறைந்தபட்சச் சம்பளத்தின் பங்கை மட்டும் கொடுத்தால் போதும், மீதியைப் பழைய அணி சுமக்கும். அதனால் அட்லாண்டா, மயாமி, சான் டியேகோ ஆகிய மூன்று அணிகளுக்கும் அனுபவமுள்ள ஒரு தோள் ஏறக்குறைய இலவசமாகக் கிடைத்தது. அந்தப் பட்டியல் மளமளவென்று நீண்டதற்குப் பெரிய காரணம் இதுதான். கப்ஸ் 108 ஆண்டுக் காத்திருப்பை முடித்து உலகத் தொடரை வென்ற 2016லும் ஜாக்சனின் சம்பளத்தை அந்த அணிதான் கொடுத்துக்கொண்டிருந்தது.

அந்த ஒப்பந்தமும் முடிந்த பிறகு நடந்ததைத்தான் நான் அதிகம் மதிக்கிறேன். 33 வயது, கையில் மோதிரம், நோ-ஹிட்டர், வாழ்நாளுக்குப் போதுமான பணம். முழு ஓய்வூதியத்துக்கு வேண்டிய பத்தாண்டுப் பணிக்காலமும் கடந்தாயிற்று. அப்படிப்பட்டவர் 2017இல் பால்டிமோர் அணியோடு கீழ்நிலை லீக் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, நார்ஃபோக் நகரில் தன்னைவிடப் பத்து வயது இளையவர்களோடு உடைமாற்றும் அறையில் உட்கார்ந்தார். பால்டிமோரில் மூன்றே ஆட்டங்கள். பிறகு மீண்டும் வாஷிங்டன் அமைப்பு, சிரக்யூஸ் நகரம். 2018 ஜூனில் அங்கிருந்து வெளியேறி ஓக்லண்ட் அணியுடன் சேர்ந்தார். பிட்சர்கள் வரிசையாகக் காயப்பட்டுக் கிடந்த அணி அது. ஜூன் 25 அன்று, நோ-ஹிட்டர் எறிந்து சரியாக எட்டு ஆண்டு கழித்து, ஓக்லண்ட் சட்டையில் முதல் ஆட்டம் ஆடினார். 13 அணிகள் என்ற டோட்டலின் சாதனையைத் தொட்டார். அதைவிட முக்கியமாக, 17 ஆட்டங்களைத் தொடங்கி 3.33 என்ற சராசரியில் எறிந்தார். 97 ஆட்டங்களை வென்று பிளேஆஃப் போன அந்த அணியில் அவருடைய பங்கு அலங்காரமானதல்ல. அந்தக் கோடையில் அவர் இல்லாவிட்டால் அந்த முறைகளில் எறிவதற்கு ஓக்லண்டிடம் ஆளே இல்லை.

2019 மே மாதம் ஓக்லண்ட் அவரைப் பணத்துக்கு ஈடாக டொராண்டோவுக்குக் கொடுத்தது. எட்டு ஆண்டுகளுக்கு முன் ஒருநாள்கூடத் தங்காமல் கடந்துபோன அதே டொராண்டோ. மே 15 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் அவர் பந்தெறியும் மேட்டில் ஏறியபோது 14 அணிகள் என்ற புதிய சாதனை பிறந்தது. ஆட்டம் அதற்குள் அவரைவிட்டுப் போகத் தொடங்கியிருந்தது. டொராண்டோவில் அவருடைய சராசரி 11.12. பழைய டெட்ராய்ட் அணி மீண்டும் எடுத்துப் பார்த்தது, பயனில்லை. முதன்மை லீகில் அதுவே கடைசி. 107 வெற்றி, 133 தோல்வி, 4.78 சராசரி, 1,500க்கு மேல் ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டரை வெளியேற்றுவது) என்று கணக்கு நின்றது. சராசரிக்குக் கீழான எண்கள்தான் இவை, மழுப்பத் தேவையில்லை. ஆனால் 400க்கும் மேற்பட்ட ஆட்டங்களில் எறியவிட்ட பிறகுதான் ஒருவருக்கு 133 தோல்விகள் சேர முடியும்.

கொரோனாவால் தள்ளிப்போய் 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்ஸில் அமெரிக்க அணியில் இடம்பெற்று வெள்ளிப் பதக்கம் பெற்றார். 2022 செப்டம்பரில் ஓய்வை அறிவித்தார்.

சாதனை இப்போது அவருக்கு மட்டும் உரியதன்று. 2025 ஜூலையில் ரிச் ஹில், 45 வயதில், கான்சஸ் சிட்டி அணிக்காக எறிந்து தன் 14ஆவது அணியைத் தொட்டார். இருவரையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுகிறவர்கள் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். ஹில் முப்பதுகளின் நடுவில், எல்லோரும் கைவிட்ட பிறகு, தன் வளைபந்தை நம்பிப் புதிதாக எழுந்தவர். அவருடைய அணிகளில் பல அந்த இரண்டாம் வாழ்வில் ஓராண்டு ஒப்பந்தங்களாக வந்தவை. ஜாக்சனோ 27ஆவது வயதிலேயே ஐந்து அணிகளுக்கு எறிந்து முடித்துவிட்டவர், அதில் பெரும்பகுதி அவர் நன்றாக எறிந்துகொண்டிருந்த காலத்தில்.